படத்துக்கு முன்னால் இருந்த கைப்பேசி

என் தங்கச்சியின் எட்டாம் துக்கம் முடிந்த மறுநாள், அவளுடைய கைப்பேசியை எடுத்து அவள் படத்துக்கு முன்னால் வைத்தவர் அவள் புருஷன்தான், என் மச்சான். எங்கள் ஆட்களிடம் அப்படி ஒரு பழக்கம். போனவர்கள் கடைசிவரை கையில் வைத்துப் புழங்கியதை வருஷம் திரும்பும்வரை யாருக்கும் கொடுப்பதில்லை. வீட்டு ஆட்களும் எடுத்துப் புழங்குவதில்லை. ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் அது ஒரு வெற்றிலைப் பெட்டியாக இருக்கும், இல்லையென்றால் பிடி தேய்ந்த பால்வெட்டுக் கத்தியாக இருக்கும். துவசம் கொடுத்துப் படைத்த பிறகுதான் அதற்கு அடுத்த கை. இவளுக்கு வாய்த்தது கைப்பேசி.

மச்சான் வைத்ததோடு விடவில்லை. சார்ஜர் கம்பியைச் சுவர் ஓரமாக இழுத்து வந்து அதில் சொருகினார்.

"அது என்னத்துக்கு மச்சான்?" என்றேன்.

"கரண்டு இல்லாம வெச்சா அது செத்த சாமான் லா," என்றார். சொன்ன பிறகு அவர் வாயிலிருந்து வந்தது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். திருநீற்றுத் தட்டை நேராக வைப்பதுபோல் கொஞ்ச நேரம் அதையே நகர்த்திக்கொண்டிருந்தார்.

ஜெலாப்பாங்கில் அடுக்குமாடி வீடு அவர்களுடையது. கூடத்துச் சுவரில் ஒரு சின்னப் பலகை, அதன்மேல் படம், படத்துக்கு முன்னால் விளக்கு, எவர்சில்வர் தட்டு, தட்டின் மேல் சட்டத்தில் சாய்த்த கைப்பேசி. தகவல் வந்தால் குயில் கூவுகிற சத்தத்தை அவளே அதற்கு வைத்திருந்தாள். துக்கத்துக்கு வந்த கூட்டம் கரைந்து, வீட்டில் நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்த ஒரு மாலை, அந்தக் குயில் கூவியது. ஏதோ கடை விளம்பரம்தான். ஆனால் தட்டு அதிர்ந்தது, திரை வெளிச்சம் போட்டது, அந்த வெளிச்சம் கீழிருந்து மேலே ஏறி அவள் தாடை, மூக்கு, நெற்றி என்று தொட்டது. தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் விறகடுப்பை ஊதும்போது அவள் முகத்தில் அப்படித்தான் வெளிச்சம் ஏறும். மருமகள், என் தங்கச்சியின் மகள், கையிலிருந்த கோப்பையைக் கீழே வைக்கவில்லை, குடிக்கவுமில்லை. வெளிச்சம் தானாக அணைந்த பிறகுதான் மூன்று பேரும் மூச்சு விட்டோம்.

என் மச்சான் குடிக்கிறவர். அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. அவரும் அதை மறைத்ததில்லை. தோட்டத்தில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை என்றால் கள்ளுக்கடை. கடைக்குப் போகிற மண் ரோட்டில், ஓடையின் மேல் ஒரு சின்னப் பாலம் உண்டு. பெண்கள் அந்தப் பாலத்தைத் தாண்ட மாட்டார்கள். யாரும் போட்ட சட்டமில்லை, ஆனால் தாண்ட மாட்டார்கள். புருஷனைக் கூப்பிட வந்தவள் பாலத்திலேயே நிற்பாள். பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமும் இல்லை. சும்மா நிற்பாள். உள்ளே இருக்கிற யாராவது ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு, "மச்சான், ஒனக்குப் பாலத்துல லைட் எரியுது, கெளம்பு" என்பான். கடையே சிரிக்கும். அந்த ஆள் கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போவார்.

என் தங்கச்சி குடை பிடித்துக்கொண்டு நிற்பாள், மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும். மச்சானைப் பார்த்ததும் திரும்பி நடக்கத் தொடங்குவாள். அவர் பின்னால் வருவார். குடித்தவர் நடையைப் பற்றி எங்கள் தோட்டத்துச் சனங்கள் சொல்லும் பேச்சுகளை நான் காதில் சேர்த்து வைத்திருக்கிறேன். "இன்னிக்கு அவருக்கு ரோடு பத்தல" என்பாள் ஒருத்தி. "காலு ரெண்டும் சண்ட போட்டுக்குது" என்பாள் இன்னொருத்தி. என் தங்கச்சி தன் புருஷனைச் சொல்லும்போது, "மரம் எண்ணிக்கிட்டு வர்றாரு" என்பாள். ஒவ்வொரு ரப்பர் மரமாகத் தொட்டுத் தொட்டுத்தான் அவர் வருவார்.

தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய் எடுக்கிற செம்பனைக்கு மாறி, லயங்களை உடைத்து, ஆளுக்கு ஒரு திசையாக வந்தோம். நான் சிலிபினுக்கு வந்து பள்ளி வேன் ஓட்டுகிறேன். மச்சானுக்கு ஜெலாப்பாங்கில் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. "மரத்துல வெட்டுன பாலு, இப்ப கையில மாட்டிக்கிட்டு வந்து என்னையப் பாக்குது" என்பார். கள்ளுக்கடை இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும்தான் மிச்சம். ஆனால் அதற்கு அந்தப் பக்கம் தூங்குமூஞ்சி மரத்தடியில் முனியாண்டி அப்படியே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சான் மோட்டார் சைக்கிளில் அங்கே போவார். சாமிக்கு ஒரு சுருட்டு, இரண்டு கேன் கருப்பு பீர். சாமிக்கு ஊற்றியது போக மிச்சம் இவருக்கு. என் தங்கச்சி இருந்தவரை, விளக்கு வைக்கிற நேரத்துக்கு அடுக்குமாடியின் படிக்கட்டடியில் வந்து நிற்பாள். பாலம் போய்ப் படிக்கட்டு வந்தது, அவ்வளவுதான். அவர் அந்த நேரத்துக்கு வந்துவிடுவார், கண் தெளிவாக, ஓரளவு.

அவள் போன பிறகு படிக்கட்டடியில் ஆள் இல்லை. ஒரு ஞாயிறு, சட்டையெல்லாம் சேறாக, மோட்டாரின் ஒரு கண்ணாடி இல்லாமல் வந்தார். நாய் குறுக்கே வந்தது என்றார். மருமகள் அந்த வாரமே அவர் கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டாள். குடிக்கிறவர்கள் பத்திரமாக வீடு சேர்வதற்கென்றே செய்த செயலி. தங்கச்சி இருந்தபோதே அவள் கைப்பேசியில் அது இருந்தது, மச்சான்தான் தன்னுடையதில் போட விடவில்லை. இந்தத் தடவை மறுப்புச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அன்று நானும் கூடத்தில் இருந்தேன்.

"அப்பா, இங்க பாருங்க. ஒரு கேன் குடிச்சா இந்தக் கோப்பைய ஒரு தடவ அமுக்கணும்."

"நான் குடிக்கிறத இது எண்ணுமா? உங்கம்மாவே எண்ணுனதில்ல."

"எண்ணாமத்தான் நீங்க இப்பிடி இருக்கீங்க."

"மச்சான், ஒனக்குக் கங்காணி வெச்சிட்டா," என்றேன்.

"கங்காணியின்னா ஏமாத்தலாம் லா. இது கண்ணே இல்லாம பாக்குது."

மருமகள் சிரிக்கவில்லை. "மொதல்ல பச்ச. அப்புறம் மஞ்ச. செகப்பு வந்துட்டா மோட்டார தொடவே கூடாது. அங்கயே உக்காந்திருக்கணும். நீங்க எங்க இருக்கீங்கன்னு மேப்போட ஒருத்தருக்கு இதுவே தகவல் அனுப்பும். அவங்க வந்து கூட்டிட்டு வருவாங்க. அந்த ஒருத்தரு யாருன்னு நீங்கதான் போடணும்."

"யாரப் போடறது?"

"யாரு வந்து கூப்பிட்டா எந்திரிச்சு வருவீங்களோ, அவங்க நம்பரப் போடுங்க."

மச்சான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கட்டை விரலால் ஒவ்வொரு எண்ணாக அமுக்கினார். எங்கும் பார்த்து எழுதவில்லை, மனப்பாடம். அவர் போட்டது மருமகள் எண் என்று நான் நினைத்தேன். என்னுடைய எண் என்று மருமகள் நினைத்தாள். வேன் வைத்திருப்பவன் நான்தானே. இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு அவர் போட்ட பதில் சரியானதுதான்.

அடுத்து வந்த ஞாயிறு மத்தியானம் மருமகள் வீட்டில் தனியாகத் துணி தேய்த்துக்கொண்டிருந்தாளாம். படத்துக்கு முன்னால் குயில் கூவியது. விளம்பரம் என்றால் ஒரு தடவையோடு நிற்கும். இது நிற்கவில்லை. கூவிக்கொண்டே இருந்தது, தட்டு கடகடவென்று அதிர்ந்து, திருநீறு பலகையில் கொட்டியது. எடுக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். எடுக்காமல், கிட்டே போய், திரையில் பெரிதாக ஒளிர்ந்த பச்சைப் பொத்தானை விரல் நுனியால் ஒரு தொடு தொட்டாள். சத்தம் நின்றது. பொத்தானில் எழுதியிருந்ததை அதற்கப்புறம்தான் படித்தாள். செயலி மலாயில் பேசும், நான் தமிழில் சொல்கிறேன்: 'நான் வருகிறேன்.'

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. முதலில் வந்து சொன்னவர் மச்சான். திங்கட்கிழமை, நான் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வழக்கமான கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"மச்சான், ஒண்ணு சொல்றேன், சிரிக்காத."

"சொல்லு."

"நேத்து எனக்குச் செகப்பு வந்திருச்சு. மோட்டார்ல ஏறலாம்னு சாவியக்கூட எடுத்துட்டேன். அப்பப் பாத்து உன் தங்கச்சி பதில் போட்டா. வாரேன்னு."

கண்ணாடி கிளாஸ் சுட்டதுகூடத் தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அவ வாரேன்னு சொன்ன பெறகு நான் எப்பிடிக் கெளம்புறது? பாலத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். உக்காந்தவாக்குல தூங்கிட்டேன்போல. எந்திரிச்சா தல லேசா இருந்துச்சு. பையப் பைய ஓட்டிட்டு வந்துட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "வந்துட்டுத்தான் போயிருப்பா. தூங்குறவர எழுப்ப மாட்டா அவ, ஒனக்குத்தான் தெரியுமே" என்றார்.

நல்ல வெயில். சுற்றிலும் ரொட்டி தட்டுகிற சத்தம். எனக்கு மட்டும் முதுகில் யாரோ ஈரத் துணியைப் போட்டதுபோல் இருந்தது.

அன்று மாலை மருமகள் வேலை செய்கிற பல் மருத்துவக் கிளினிக் வாசலில் வேனை நிறுத்தி, அவளை ஏற்றிக்கொண்டு கேட்டேன். நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்தபோது அழுதாள்.

"அப்பாகிட்டச் சொல்லிரும்மா. நம்பர மாத்திரு."

"எப்பிடிச் சொல்றது மாமா? அம்மா பதில் போட்டாங்கன்னுதான் அவரு மோட்டார்ல ஏறல. அது அம்மா இல்ல, நான்தான்னு சொன்னா, அடுத்த வாரம் எதுக்காகக் காத்திருப்பாரு?"

வேனை அடுக்குமாடிப் பக்கம் திருப்பினேன். ஊரில் பேசத் தெரிந்தவன் என்று பேர் வாங்கியவன் நான்.

அப்படியே ஞாயிறுகள் போயின. மத்தியானம் குயில் கூவும், மருமகள் பச்சையைத் தொடுவாள், அவர் மரத்தடியில் உட்கார்ந்து காத்திருந்து, போதை இறங்கி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்துவிடுவார். செயலி தன் வேலையைச் செய்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால் குயில் வரவர முன்னதாகவே கூவத் தொடங்கியது. முன்பெல்லாம் இரண்டு கேனோடு நிறுத்துகிற ஆள், இப்போது பை நிறையக் கொண்டு போனார். சிவப்பு வந்தால்தானே தகவல் போகும், தகவல் போனால்தானே பதில் வரும். அவளிடமிருந்து அந்தப் பதிலை வாங்குவதற்காகவே அவர் குடித்தார். கண்ணின் வெள்ளை மஞ்சளாகிக்கொண்டு வந்தது. அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனபோது மருத்துவர், இப்படியே போனால் ஈரல் தாங்காது, நிறுத்தாவிட்டால் ரொம்ப நாள் இல்லை என்று மருமகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

நான் ஒரு குறுக்கு வழி சொல்லிப் பார்த்தேன். "மச்சான், குடிக்காமலே கோப்பைய அமுக்கிட்டுப் போயேன். அதுக்கு என்ன தெரியும்? செகப்பு வந்திரும், பதிலும் வந்திரும்."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "குடிக்காம அமுக்குனா அது பொய் லா. நான் எதுல வேணா ஆடியிருக்கேன். குடிச்சத மட்டும் அவகிட்டப் பொய் சொன்னதில்ல."

இதற்கு மேல் அந்த மனுசனிடம் என்ன பேசுவது?

துவசத்துக்குக் கொஞ்ச நாள் இருந்தது. ஒரு ஞாயிறு, மழை மூட்டம். நான் அவர்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தேன். சாப்பிட்ட தட்டுகூட இன்னும் கழுவவில்லை, அதற்குள் குயில் கூவிவிட்டது. தட்டு அதிர, தங்கச்சி முகத்தில் வெளிச்சம் ஏறி ஏறி இறங்கியது. மருமகள் வழக்கம்போல் போய்ப் பச்சையைத் தொட்டாள். ஆனால் திரும்பி வரவில்லை. அங்கேயே நின்றாள்.

"மாமா, வேன் கீழதான இருக்கு?"

"இருக்கு."

"வாரேன்னு சொல்லியாச்சு. போலாம்."

படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். கம்பியைக் கழற்றிவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள். வருஷம் திரும்பவில்லையே என்று என் வாய் வரைக்கும் வந்தது. நான் சொல்லவில்லை. கதவுப் பக்கத்தில் மாட்டியிருந்த குடையையும் எடுத்துக்கொண்டாள். அது அவளுக்குக் கைக்கு எட்டிய குடை, அவ்வளவுதான். யாருடைய குடை என்று யோசித்து எடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் மழை பிடித்தது. இரண்டு பக்கமும் செம்பனை. கோயிலுக்கும் லயத்துக்கும் பிரிகிற இடமெல்லாம் எனக்கு இன்னும் தெரியும், ஆனால் எதுவும் அந்த இடத்தில் இல்லை. ஓடைப் பாலம் மட்டும் இருந்தது. பாலத்துக்கு அப்பால் குலை ஏற்றுகிற லாரிகள் உழுத சேறு, வேன் போகாது. நிறுத்தினேன். மருமகள் இறங்கி, குடையை விரித்து, பாலத்தின் நடுவில் போய் நின்றாள். அதற்கு மேல் நடக்கப் போனவள் சேற்றைப் பார்த்துத் தயங்கினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

தூரத்தில் மரத்தடியில் முனியாண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உருவம் அசைந்தது. எழுந்தது. வரத் தொடங்கியது. ஒரு செம்பனையைத் தொட்டு, அடுத்ததைத் தொட்டு, அதற்கடுத்ததைத் தொட்டு. மரம் எண்ணிக்கொண்டு வந்தார் மச்சான். நான் வேனுக்குள் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் துடைப்பான் ஒரு தடவை போய் வந்தது. அந்தக் குடைக்குக் கீழே, சேலை முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, என் தங்கச்சி நின்றாள். துடைப்பான் மறுபடி போய் வந்தபோது மருமகள்தான் நின்றாள், வேலைக்குப் போகிற கால்சட்டையோடு. முதலில் பார்த்ததை நான் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

மச்சான் முகத்தில் சிரிப்போடு வந்துகொண்டிருந்தார். பாலத்துக்குக் கிட்டே வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. நான் இறங்கிப் போனேன்.

"நீயா?" என்றார் மகளைப் பார்த்து.

"நான்தான்பா."

அவள் கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்தார். "அப்ப வாரேன்னு போட்டது?"

"நான்தான்."

"இன்னிக்கா?"

"எல்லா வாரமும்."

மழை செம்பனை ஓலையில் விழுந்துகொண்டிருந்தது. அவர் பாலத்துக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். உடைந்து அழுவார், இல்லையென்றால் என்னை ஏமாற்றினீர்களா என்று கத்துவார் என்று நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அவர் கேட்டது வேறு.

"பின்ன ஏன் வரல?"

மருமகளுக்குப் புரியவில்லை. "என்னப்பா?"

"வாரேன்னு சொல்லிட்டு வராம இருக்கலாமா? ஒவ்வொரு வாரமும் இந்தப் பாலத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். உங்கம்மா வாரேன்னா வந்துருவா. எனக்குத் தெரியாம வந்துட்டுப் போறான்னு நெனச்சேன். யாருமே வரலியா அப்ப?" அவர் குரல் போதைக்காரன் குரலாக இல்லை. "யாருமே வரலியா, மச்சான்?"

மருமகள்தான் பேசினாள். "இப்ப வந்துட்டேன்ல, அப்பா. நனையாதீங்க. வாங்க."

குடையை அவர் பக்கமாகச் சாய்த்தாள். அவர் திரும்பி மரத்தடியைப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். பிறகு பாலத்தைத் தாண்டி வந்தார். மோட்டாரை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். தலையை ஆட்டினார். வேனில் பள்ளிப் பிள்ளைகள் உட்காருகிற பின் இருக்கையில் மகளும் அவரும் உட்கார்ந்தார்கள். ஜெலாப்பாங் கிட்டே வந்தபோதுதான், "கோப்பைய எத்தன தடவ அமுக்குனேன்னு உனக்கும் தெரியுமா அப்ப?" என்று கேட்டார்.

"தெரியும்பா. எல்லாம் அதுல வரும்."

"ம்."

அடுக்குமாடிப் படிக்கட்டில் மகளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். கதவைத் திறந்து உள்ளே வந்ததும் சட்டைப் பையிலிருந்து தன் கைப்பேசியை எடுத்தார். வீடு சேர்ந்ததும் அமுக்க வேண்டிய பொத்தான் ஒன்று உண்டு. இத்தனை வாரத்தில் அதை அவர் தொட்டதே இல்லையாம். 'வந்து சேர்ந்தேன்.' தேடிப் பிடித்து அமுக்கினார்.

மருமகள் கையில் குயில் கூவியது.

அவர் கையை நீட்டினார். அவள் கொடுத்தாள். கொட்டிக் கிடந்த திருநீற்றைத் துடைத்துவிட்டு, தட்டின் மேல், சட்டத்தில் சாய்த்து, முன்பு இருந்த மாதிரியே வைத்தார். கம்பியைச் சொருகவில்லை. "நாளைக்கு ஒன் நம்பரப் போட்டுக் குடு," என்றார் மகளிடம், படத்தைப் பார்த்தபடியே.

திரை வெளிச்சம் படத்தில் தங்கச்சி முகத்தில் நின்றது. அதில் பதில் போடப் பச்சைப் பொத்தான் ஒன்று காத்திருந்தது. யாரும் தொடவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஈரத் துணியோடு நின்றுகொண்டு, அது தானாக அணைவதைப் பார்த்தோம். நெற்றி இருண்டது, மூக்கு இருண்டது, கடைசியில் தாடை.

"வெளக்க ஏத்தும்மா," என்றார் மச்சான்.